சமூகத் தொழில்முனைவு: ஒரு தணிக்கைக்காரனின் வாசிப்பு அலமாரி

சமூகத் தொழில்முனைவு, அதாவது ஒரு சமூகச் சிக்கலைத் தொழில்போல் நடத்தித் தீர்க்க முயல்வது. அதைப் பற்றிக் கற்க எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களை நான் மதுரை அண்ணா நகருக்கு அனுப்பிவைக்கிறேன். அரவிந்த் கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருக்கச் சொல்கிறேன். கேட்டவர்களின் முகம் பெரும்பாலும் வாடிவிடுகிறது. ஒரு புத்தகப் பட்டியல், இரண்டு இணைய வகுப்புகள், முடிந்தால் ஒரு சான்றிதழ் என்ற எதிர்பார்ப்போடு வந்திருப்பார்கள். பட்டியலும் தருகிறேன், அதற்கப்புறம்.

என் ருசியைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்துவிடுவது நல்லது. தென் மாவட்டங்களில் தொண்டு நிறுவனங்களுக்கும் மகளிர் கூட்டமைப்புகளுக்கும் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன் நான். எண்ணே இல்லாத பக்கத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்தத் துறையில் எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி விருது மேடைக்காக எழுதப்படுவது: ஒருவர் ஒரு துயரத்தைக் கண்டார், வேலையை விட்டார், எல்லோரும் சிரித்தார்கள், இன்று பல்லாயிரம் பேர் பயனடைகிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வீணானது, எந்த ஆண்டில் சம்பளம் கொடுக்க முடியாமல் திண்டாடினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. எனக்கு வேண்டியது அதுதான். ஆகவே கீழே சொல்பவை எல்லாம் வரவு செலவு, கையேடு, ஆய்வறிக்கை, விசாரணைக் குழு அறிக்கை என்று சற்று வறண்ட பக்கமாகவே சாயும்.

அரவிந்துக்கு வருகிறேன். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டே பல்லாயிரம் கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். அந்தக் கதை மனத்தை உருக்கும். உருகிய மனத்தோடு மட்டும் வெளியே வந்தால் ஒன்றும் கற்றிருக்க மாட்டீர்கள்.

பார்க்க வேண்டியது வேறு. அங்கே கட்டணப் பிரிவு தனி, இலவசப் பிரிவு தனி. எதில் நுழைவது என்பதை நோயாளியே முடிவுசெய்துகொள்கிறார். வருமானச் சான்றிதழ் காட்டச் சொல்லி யாரும் நிற்கவைப்பதில்லை. மருத்துவர்கள் இரண்டு பிரிவிலும் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். கட்டணம் செலுத்துபவருக்கு அறையிலும் வசதியிலும் வேறுபாடு கிடைக்கிறது, அறுவை சிகிச்சையின் தரத்தில் கிடைப்பதில்லை. கணக்குப் பார்ப்பவனின் கண்ணுக்கு இது மிகப் பெரிய முடிவு. யார் ஏழை என்று சோதிக்க ஒரு குமாஸ்தா, அவருக்கு மேல் ஒரு மேற்பார்வையாளர், இடையில் நுழையும் சிபாரிசுக் கடிதங்கள், தகுதியிருந்தும் தாளில்லாமல் திரும்பிப்போகும் கிழவிகள். இத்தனையையும் ஒரே முடிவில் வெட்டியெறிந்துவிட்டார்கள். வசதி உள்ளவர் சிலர் இலவசப் பக்கம் நுழைந்துவிடுவார்களே என்று கேட்கலாம். நுழையட்டும், அவர்களைப் பிடிக்க ஆகும் செலவைவிட அந்த இழப்பு குறைவு.

அறுவை அரங்கில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவரைத் தயார்செய்துவிடுகிறார்கள். முடிந்ததும் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். தயார்செய்யும் வேலை, பார்வைச் சோதனை, நோயாளியிடம் பேசிப் பயத்தைப் போக்குவது எல்லாம், கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து உருவாக்கிய பணியாளர்களின் பொறுப்பு. இதனால்தான் அங்கே ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 அறுவைகள் செய்ய முடிகிறது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கருணைக்குப் பின்னால் இப்படி ஓர் உற்பத்திக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதைப் படிக்க மூன்று வகை ஆவணங்கள் இருக்கின்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் கஸ்தூரி ரங்கன் 1993-இல் எழுதிய நிகழ்வு ஆய்வு முதலாவது. உலகம் முழுவதும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாக இருப்பது. விலைக்குத்தான் கிடைக்கும், ஆனால் பல மேலாண்மைக் கல்லூரி நூலகங்களில் இருக்கிறது. இரண்டாவது, அரவிந்தின் பயிற்சி நிறுவனமான லைகோவும் அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் சேர்ந்து வெளியிட்ட கண்புரை சேவைக் கையேடுகள். நான் அதிகம் பரிந்துரைப்பது இவற்றைத்தான். முகாமுக்கு ஆள் திரட்டுவது எப்படி, ஆலோசகரின் வேலை என்ன, கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது என்று தங்கள் தொழில் ரகசியத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தன்னைப் போலவே இன்னொருவர் செய்யட்டும் என்று சமையல் குறிப்பைக் கொடுப்பவர்கள் அபூர்வம்.

மூன்றாவது ஓர் ஆய்வுக் கட்டுரை. அரவிந்தின் கண் முகாம்கள் புகழ்பெற்றவை. ஒவ்வொன்றிலும் கூட்டம் அலைமோதும். ஆனால் வராமல் போனவர்கள் எத்தனை பேர்? கூட்டத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் ஊருக்குள் போய் வீடு வீடாகக் கேட்டார்கள். கண் குறைபாடு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. 1999-இல் அது மருத்துவ இதழில் வெளியானது. சிகிச்சை இலவசம்தான், ஆனால் துணைக்கு வர ஆள் வேண்டும், கூலி போகும், பயம் இருக்கிறது, வயதான பெண்ணுக்குப் பார்வை எதற்கு என்று நினைக்கும் வீடும் இருக்கிறது. பின்னர் சிற்றூர்களில் நிரந்தரமாக இயங்கும் பார்வை மையங்களை அமைத்து, கணினி வழியாக மருத்துவரோடு இணைத்ததற்கு இந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம். விழாவில் வாசிக்கத் தகுந்த எண்ணை விட்டுவிட்டு, தங்களைச் சங்கடப்படுத்தும் எண்ணைத் தேடிப் போன நிறுவனங்கள் என் அனுபவத்தில் மிகக் குறைவு.

ஆனாலும் அரவிந்தை மட்டும் படித்தவர் வழிதவறக்கூடும். கண்புரை ஒரு விசித்திரமான துன்பம். சில நிமிட அறுவை, மறுநாள் கட்டைப் பிரித்தால் பார்வை, அதே அறுவையை லட்சம் பேருக்குத் திரும்பத் திரும்பச் செய்யலாம், பலன் உடனே தெரியும். குடிப்பழக்கம் இப்படிப்பட்டதா? பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைத் திரும்ப அழைத்துவருவது இப்படியா? ஒரு பிரச்சினையைத் தொழிற்சாலை வரிசைபோல் பகுக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. அதைக் கேட்காமல் 'கல்வித் துறையின் அரவிந்த்' ஆகப் புறப்பட்டவர்களின் கணக்குகளை நானே முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து நுண்கடன், அதாவது ஏழைகளுக்குப் பிணையில்லாமல் கொடுக்கும் சிறு கடன். ஒரே விஷயத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரண்படும் நான்கு ஆவணங்களை வரிசையாகப் படிப்பதற்கு இதைவிடத் தோதான துறை கிடையாது. முகமது யூனுஸ் வங்கதேசத்தில் நடத்திய கிராமின் வங்கியின் கதையிலிருந்து தொடங்குங்கள். 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, ஏழைக்குக் கடன் கொடுத்தால் வறுமை அருங்காட்சியகத்துக்குப் போய்விடும் என்று உலகமே நம்பியது. அதற்கடுத்து, எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் என்ற இந்திய நுண்கடன் நிறுவனம் 2010-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தாக்கல்செய்த பங்கு வெளியீட்டு ஆவணம். தடிமனானது, தூக்கம் வரவழைப்பது. 'ஆபத்துக் காரணிகள்' என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். முதலீட்டாளரிடம் பேசும்போது ஒரு நிறுவனம் எவ்வளவு வெளிப்படையாகிவிடுகிறது என்பது தெரியும். நன்கொடையாளரிடம் அந்த மொழியில் யாரும் பேசுவதில்லை.

பங்கு வெளியீடு முடிந்து சில மாதங்களுக்குள், கடன் வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகி, அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வசூல் அங்கே அப்படியே நின்றுபோனது. ரிசர்வ் வங்கி ஒய்.எச். மாலேகம் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2011 ஜனவரியில் வெளியான அந்த அறிக்கை இலவசம். ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்தது எப்படி, வட்டி எங்கெல்லாம் ஒளிந்திருந்தது, 24 சதவீதம் என்ற வட்டி உச்சவரம்பைப் பரிந்துரைத்த காரணம் என்ன என்று நிதானமான நடையில் சொல்கிறது. எவரையும் வில்லனாக்காமல், ஒரு நல்ல யோசனை எந்த வளைவில் திரும்பிக் கெட்டது என்பதை இவ்வளவு தெளிவாக எழுதிய ஆவணத்தை இந்தத் துறையில் நான் வேறு பார்த்ததில்லை.

நான்காவது, ஐதராபாத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு. 104 குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் பாதி இடங்களில் மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனம் கிளை திறந்தது. பிறகு இரு பாதிகளையும் ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் அதில் கூடுதலாக முதலீடு செய்திருந்தார்கள். சராசரிக் குடும்பச் செலவில் குறிப்பிடும்படியான உயர்வு இல்லை. உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் எடை ஆகியவற்றிலும் மாற்றம் தென்படவில்லை. 2015-இல் இது வெளியான அதே இதழில் மொராக்கோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா, மெக்சிகோ ஆய்வுகளும் இடம்பெற்றன. அவையும் ஏறக்குறைய இதே தொனியில்தான் பேசின. அற்புதமும் நடக்கவில்லை, பேரழிவும் நடக்கவில்லை. இப்படிப்பட்ட முடிவை எந்த மேடையிலும் கைதட்டி வரவேற்க மாட்டார்கள். இந்த ஆய்வு முறையை வளர்த்த ஜே-பால் அமைப்பு, தான் ஆதரித்த ஆய்வுகளின் சுருக்கங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு திட்டத்தைத் தொடங்க நினைப்பவர், அதைப்போல ஒன்றை முன்பே யாராவது சோதித்திருக்கிறார்களா என்று முதலில் அங்கே தேடிப்பார்க்க வேண்டும்.

இந்த நான்கையும் படித்த பிறகு நம்மூர்ச் சுய உதவிக் குழுக்களைப் பார்த்தால் அவை வேறு வடிவில் தெரியும். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய குழுக்கள் முதலில் சேமித்தன, அப்புறம்தான் கடன் கொடுத்தன. அந்த வரிசைதான் முக்கியம். எனக்குத் தெரிந்து இந்தப் பாடத்துக்கான மிகச் சிறந்த மூல ஆவணம் எந்த நூலகத்திலும் இல்லை. குழு ஊக்குநரின் வீட்டு பீரோவில் இருக்கும் தீர்மான நோட்டுதான் அது. யாருக்கு உள்கடன் கொடுத்தார்கள், எதற்கு மறுத்தார்கள், தவணை தவறியபோது என்ன பேசினார்கள் என்று தேதிவாரியாக இருக்கும். உரிய அனுமதி கேட்டு, காபி குடித்து, நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கான சரக்கு அதில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் சில இடங்களில் சோதிக்கும்.

தோல்விகளைப் படிக்க விரும்பினால் தென்னாப்பிரிக்காவின் 'பிளேபம்ப்' கதையைத் தேடுங்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடும்போது நிலத்தடி நீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் என்பது யோசனை. கேட்டவுடன் பிடித்துவிடும். 2006-இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் 1.64 கோடி டாலர் அறிவித்தன. பிறகு களத்திலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. சாதாரணக் கைப்பம்பைவிட விலை பல மடங்கு. பழுதானால் ஊரில் சரிசெய்ய ஆளில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பெண்கள்தான் அந்தக் கனத்த சக்கரத்தைக் கையால் தள்ளினார்கள். அறிவித்த இலக்கின்படி நீர் இறைக்க வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் 'விளையாட' வேண்டியிருக்கும் என்று ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. வகுத்தல் தெரிந்த எவரும் முதல் நாளே போட்டிருக்கக்கூடிய கணக்கு. விருதுக் குழுக்களில் ஒருவர்கூடப் போடவில்லை. கனடாவின் எல்லையற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளையே ஆண்டறிக்கையாக வெளியிட்டது. அதையும் தேடிப் பாருங்கள். இந்தியாவிலும் ஒன்று வராதா என்று எனக்கு ஆசை. ஐ.டி.ஆர். என்ற இணைய இதழ் தோல்விகளைப் பற்றி ஒலித்தொடர் நடத்தியிருக்கிறது, நல்ல தொடக்கம்.

கோட்பாட்டுப் பக்கத்தில் நீண்ட வாசிப்பு தேவையில்லை. கிரெகரி டீஸ் 1998-இல் எழுதிய சில பக்கக் கட்டுரை ஒன்று, ரோஜர் மார்ட்டினும் சாலி ஆஸ்பெர்கும் 2007-இல் ஸ்டான்ஃபோர்டு சமூகப் புத்தாக்க இதழில் எழுதியது ஒன்று. இரண்டும் இணையத்தில் கிடைக்கும். சேவை செய்பவர், போராட்டக்காரர், தொழில்முனைவோர் ஆகிய மூவருக்கும் என்ன வேறுபாடு என்பதை இரண்டாவது கட்டுரை தெளிவாகப் பிரிக்கிறது. ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

அதே இதழில் 2009-இல் வெளியான இன்னொரு கட்டுரையை மட்டும் என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். தொண்டு நிறுவனங்கள் எப்படிப் பட்டினிச் சுழலில் சிக்குகின்றன என்பதைப் பேசுவது. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால்தான் நல்ல நிறுவனம் என்று நன்கொடையாளர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நிறுவனம் செலவைக் குறைத்துக் காட்டுகிறது. குறைத்துக் காட்டிய எண்ணைப் பார்த்து நன்கொடையாளர் அடுத்த ஆண்டு இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். கடைசியில் கணினி வாங்கவும் கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் இருக்காது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. அதன் பிறகு இந்தக் கட்டுரை இன்னும் பொருத்தமாகிவிட்டது. வாகன டீசலை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று என்னிடம் கேட்கும் திட்ட மேலாளர்களின் குரலில் இருக்கும் சோர்வு எனக்கு மட்டுமே தெரியும்.

தமிழில் என்ன இருக்கிறது? குறைவுதான், ஆனால் இருப்பதைக்கூட நாம் தேடுவதில்லை. ஐ.ஐ.எம். அகமதாபாத் பேராசிரியர் அனில் குப்தா 1980-களின் இறுதியில் தொடங்கிய 'ஹனி பீ' வலையமைப்பு, உழவர்களும் கைவினைஞர்களும் தாங்களே கண்டுபிடித்தவற்றைத் தொகுக்கிறது. சொன்னவரின் பெயரைப் போட வேண்டும், தொகுத்ததை அவர்கள் மொழியிலேயே அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. பல்கலைக்கழகங்கள்கூடக் கடைப்பிடிக்காத ஒழுக்கம் இது. அதன் தமிழ் வடிவமாக மதுரையிலுள்ள சேவா என்ற வேறோர் அமைப்பு 'நம் வழி வேளாண்மை' இதழை வெளியிட்டது. பழைய இதழ்கள் எங்கேனும் கிடைத்தால் விடாதீர்கள். மாட்டுக்கு வரும் நோய்க்கு மருந்து, களை எடுக்கும் கருவி, விதை காக்கும் முறை என்று எல்லாம் பெயரோடும் ஊரோடும் பதிவாகியிருக்கும். புத்தாக்கம் ஆய்வகத்தில்தான் பிறக்கும் என்ற எண்ணம் பத்துப் பக்கத்தில் கரைந்துவிடும்.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் பேச்சுகளை ஆங்கிலத்தில் கேட்காதீர்கள், தமிழில் கேளுங்கள். மலிவு விலை சானிட்டரி நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கியவர், 2016-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆங்கிலத்தில் வேடிக்கையாக மட்டும் தெரிகிற மனிதர், தமிழில் பேசும்போது எவ்வளவு கூர்மையான வியாபாரி என்பது விளங்கும். பெரிய நிறுவனத்துக்கு உரிமையை விற்காமல் மகளிர் குழுக்களுக்கு எந்திரத்தை விற்றது ஏன் என்பதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, எந்திரம் வாங்கிய குழு ஒன்றைத் தேடிப் போய் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, கடைக்காரர் எத்தனை நாள் கடன் சொல்கிறார், மாதம் எத்தனை பாக்கெட் விற்கிறது என்று விசாரியுங்கள். கண்டுபிடிப்பு முடிந்த இடத்தில்தான் தொழில் ஆரம்பிக்கிறது.

இணைய வகுப்புகள் பற்றிக் கேட்பீர்கள். அக்யூமன் அகாதெமியின் இலவச வகுப்புகள் பரவாயில்லை. பயன்படுத்தப்போகிறவர்களிடம் கேட்டுத் திட்டம் வடிவமைக்கச் சொல்லித்தரும், ஐடியோ அமைப்பின் மனித மைய வடிவமைப்புக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருக்கும் நேர்காணல் முறைகள் பயனுள்ளவை. நட்சத்திர விடுதியில் வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டும் பயிற்சிகளுக்கு மட்டும் கைக்காசைச் செலவழிக்காதீர்கள். அப்படி ஒன்றின் செலவுக் கணக்கை ஒருமுறை தணிக்கை செய்தேன். மதிய உணவுக்கு ஆன தொகையில் ஒரு கூட்டமைப்பின் கணக்காளருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுத்திருக்கலாம். முழு நேரமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மதுரைக்கு அருகே, டாடா-தான் அகாதெமி என்று தொடங்கிய தான் அகாதெமி இருக்கிறது; மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துப் பயிற்றுவிக்கும் இடம்.

வரலாறு படிக்கப் பிடிக்கும் என்றால் இன்னும் பின்னே போகலாம். சென்னை மாகாணத்துக்காக ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1890-களில் எழுதிய அறிக்கை, கந்துவட்டியிலிருந்து உழவரை மீட்க ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்களைப் போன்ற கூட்டுறவுகள் வேண்டும் என்றது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவானது. நிக்கல்சன் அறிக்கை பழைய நூல்களின் இணையச் சேகரிப்புகளில் கிடைக்கிறது. தலையணை அளவு, ஆங்கிலேய அதிகாரியின் மேட்டிமையும் அங்கங்கே எட்டிப்பார்க்கும். ஆனால் இன்று 'புதுமை' என்று விற்கப்படும் யோசனைகளில் பாதி அதில் இருக்கிறது.

கடைசியாக, இப்போதுதான் உருவாகிவரும் ஒரு வாசிப்பு. தொண்டு நிறுவனங்கள் பணம் திரட்டுவதற்காக 2019 பட்ஜெட்டில் அறிவித்த சமூகப் பங்குச் சந்தைக்கு, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2022-இல் விதிமுறை வகுத்தது. 2023 டிசம்பரில் பெங்களூருவின் உன்னதி அறக்கட்டளை முதலாவதாகப் பட்டியலிடப்பட்டது. இதில் திரட்டும் பத்திரத்துக்கு வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. அதாவது நன்கொடைதான், ஆனால் பத்திர வடிவில். அதனால் பணம் எதற்கு, எத்தனை பேருக்கு, எந்த அளவுகோலில் பலன் காட்டுவோம் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டியிருக்கிறது. பிறகு ஆண்டுதோறும் தாக்க அறிக்கையும் தர வேண்டும். வெளியீட்டு ஆவணங்கள் பங்குச் சந்தையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. நான் செய்வது இதுதான்: முதலில் வாக்குறுதியை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன், ஓராண்டு கழித்து வரும் அறிக்கையோடு பொருத்திப்பார்ப்பேன். அளவுகோல் நடுவில் மாறியிருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிப் போங்கள்.